கைதி மருந்து வேண்டாம் என்றால் யார் முடிவு செய்வது?

2011 ஜனவரியில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டூசான் நகரில், கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பொதுமக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். அங்கே வந்த ஜாரெட் லாஃப்னர் என்ற 22 வயது இளைஞர் சுட்டதில் 6 பேர் இறந்தார்கள். கிஃபோர்ட்ஸ் தலையில் குண்டு பாய்ந்து உயிர் பிழைத்தார். மே மாதம், வழக்கைப் புரிந்துகொள்ளும் மனநிலையில் லாஃப்னர் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஜூனில் மிசௌரி மாநிலத்தின் சிறை மருத்துவமனையில் அவருடைய சம்மதம் இல்லாமலே மருந்து தொடங்கியது. ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தியது. அதே ஜூலையில் சிறை மறுபடியும் தொடங்கியது. 2012 ஆகஸ்டில் அவர் நீதிபதி முன் அமைதியாக உட்கார்ந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இந்தச் செய்திகளை அடுத்தடுத்துப் படித்தவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும். மருந்து கொடுக்கலாமா, கூடாதா? ஒரே மருந்து, ஒரே ஆள், ஒரே சிறை. ஒரு மாதத்துக்குள் அனுமதி, தடை, மறுபடியும் மருந்து என்று எப்படி மாறுகிறது?

இதற்கான விடை, மருந்து எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் கட்டாய மருந்தை ஒரே விஷயமாகப் பார்ப்பதில்லை. காரணம் மாறினால் விதியும் மாறும், முடிவெடுக்கும் ஆளும் மாறுவார்.

முதலில் அடிப்படை

இங்கே மருந்து என்று சொல்வது ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற ஆண்டிசைக்காட்டிக் வகை. மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்குக் காதில் கேட்கும் குரல்களையும், யாரோ கொல்ல வருகிறார்கள் என்ற அசையாத நம்பிக்கையையும் இவை தணிக்கும். மாத்திரையாகக் கொடுக்கலாம், ஊசியாகவும் போடலாம். சில ஊசிகள் ஒருமுறை போட்டால் வாரக்கணக்கில் உடம்பில் வேலை செய்யும். மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்துவைத்துத் துப்பிவிடலாம். ஊசியில் அது நடக்காது.

பலருக்கு இந்த மருந்து வாழ்க்கையையே திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஆனால் விலை இல்லாமல் இல்லை. கழுத்தும் தாடையும் திடீரென்று இழுத்துக்கொள்ளலாம். ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு வரலாம். பல வருடங்கள் எடுத்துக்கொண்டவர்களுக்கு உதடும் நாக்கும் தானாக அசைந்துகொண்டே இருக்கும் கோளாறு வரலாம். மருந்தை நிறுத்தினாலும் சிலருக்கு அது போவதில்லை. இந்த வகை மருந்து எடுப்பவர்களில் 10 முதல் 25 சதவீதம் பேருக்கு அது வருகிறது என்ற மதிப்பீட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1990இல் தன் தீர்ப்பில் எடுத்துச் சொன்னது. பிறகு வந்த மருந்துகளில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் எடை கூடுவது, சர்க்கரை நோய் என்று வேறு தொல்லைகள் உண்டு.

ஆகவே வேண்டாம் என்று சொல்லும் கைதி எல்லோரும் நோயின் பிடியில்தான் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உடம்பில் அனுபவித்துவிட்டுச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

ஹார்ப்பர் வழக்கு: சிறைக்குள் ஆபத்து

வால்டர் ஹார்ப்பர் வாஷிங்டன் மாநிலத்தில் 1976இல் கொள்ளை வழக்கில் தண்டனை பெற்றவர். 1980இல் நிபந்தனையோடு வெளியே வந்தார். அடுத்த வருடம் சியாட்டில் மருத்துவமனை ஒன்றில் 2 செவிலியர்களைத் தாக்கியதால் மறுபடி உள்ளே போனார். மனநோயுள்ள கைதிகளுக்கென்றே இருந்த 144 படுக்கைச் சிறை அது. முதலில் மருந்துக்குச் சம்மதித்தவர், 1982 நவம்பரில் மறுத்துவிட்டார்.

சிறையிடம் இதற்கென்று ஒரு நடைமுறை இருந்தது. அது இப்படிப் போகும்:

1. கைதிக்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் தர வேண்டும். அந்த நேரத்தில் மருந்து கொடுக்கக் கூடாது.
2. ஒரு மனநல மருத்துவர், ஓர் உளவியலாளர், ஒரு துணைக் கண்காணிப்பாளர் என்று 3 பேர் குழு விசாரிக்கும். மூவரும் அந்த நேரத்தில் அவருக்குச் சிகிச்சை தருபவர்களாக இருக்கக் கூடாது.
3. கைதி நேரில் பேசலாம், சாட்சி சொல்லவைக்கலாம், மருத்துவர்களைக் குறுக்கு விசாரணை செய்யலாம். வழக்கறிஞர் கிடையாது. மனநல விஷயம் தெரிந்த ஆலோசகர் ஒருவர் மட்டும் உதவிக்கு இருப்பார்.
4. பெரும்பான்மை முடிவுதான். ஆனால் அந்தப் பெரும்பான்மையில் மனநல மருத்துவர் இருந்தாக வேண்டும்.
5. 24 மணி நேரத்துக்குள் கண்காணிப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குப் பிறகு நீதிமன்றம் போகலாம்.

விசாரணையில் ஹார்ப்பர் பேசியது பதிவாகியிருக்கிறது. ஹால்டால் (ஹாலோபெரிடாலின் கடைப் பெயர்) என் வலது பக்கத்தை முடக்கிப்போட்டது, என் வாழ்க்கையிலிருந்தே என்னை எரித்து வெளியேற்றுகிறீர்கள், என் சுதந்திரத்திலிருந்து எரித்து வெளியேற்றுகிறீர்கள் என்றார். குழு மருந்து கொடுக்கச் சொன்னது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990 பிப்ரவரி 27 அன்று, 6க்கு 3 என்ற கணக்கில் சிறை பக்கம் தீர்ப்பானது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கென்னடி. கைதிக்குக் கடுமையான மனநோய் இருக்க வேண்டும், அதனால் அவருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து இருக்க வேண்டும், சிகிச்சை அவருடைய உடல்நலனுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் கட்டாயமாகக் கொடுக்கலாம். நீதிபதியிடம் போகத் தேவையில்லை. மருந்தைப் பற்றிய முடிவை மருத்துவர்கள் எடுப்பதே கைதிக்கு நல்லதாக இருக்கலாம் என்பது பெரும்பான்மையின் வாதம்.

மறுத்து எழுதியவர் நீதிபதி ஸ்டீவன்ஸ். குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் அதே சிறையில் வேலை பார்ப்பவர்கள். இன்று நான் உன் நோயாளியைப் பற்றித் தீர்ப்பு சொல்கிறேன், நாளைக்கு நீ என் நோயாளியைப் பற்றிச் சொல்வாய். சிறை அமைதியாக ஓட வேண்டும் என்ற கவலை இவர்கள் எல்லோருக்கும் பொது. இப்படிப்பட்ட குழுவை நடுநிலை என்று எப்படிச் சொல்வது என்பதே அவர் வாதத்தின் சாரம். எனக்கு இந்த வாதம்தான் வலுவாகப் படுகிறது. குழுவில் இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. தினமும் ஒரே வராண்டாவில் நடந்து, ஒரே மேலதிகாரிக்குக் கணக்குச் சொல்லும் மூவர், சக ஊழியர் எழுதிய சீட்டைத் தப்பு என்று சொல்லத் தயங்குவார்கள். அது மனித இயல்பு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹார்ப்பர் தீர்ப்பு கேட்கும் கேள்வி ஆபத்து பற்றியது. தனக்கு எது நல்லது என்று முடிவெடுக்கும் திறன் கைதிக்கு இருக்கிறதா என்பதை அது நிபந்தனையாக வைக்கவில்லை. வெளியே இருக்கும் நோயாளிக்குப் பல மாநிலங்களில் நீதிமன்றம் அதைத்தான் முதலில் கேட்கும். நன்மை தீமை புரிந்துதான் மறுக்கிறார் என்றாலும், சிறைச் சுவருக்குள் அந்தப் புரிதல் மட்டும் அவரைக் காப்பாற்றாது.

செல் வழக்கு: விசாரணைக்குத் தயார் செய்ய

சரி, கைதி யாரையும் தாக்கவில்லை, தன்னையும் துன்புறுத்திக்கொள்ளவில்லை. ஆனால் மனநோயால் வழக்கே அவருக்குப் புரியவில்லை. புரியாத ஒருவரை விசாரித்துத் தண்டிக்க அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை. அப்போது விசாரணை நடக்க வேண்டும் என்பதற்காக மட்டும் மருந்து கொடுக்கலாமா?

செயின்ட் லூயிஸ் நகரத்துப் பல் மருத்துவர் சார்லஸ் செல் அப்படிப்பட்டவர். பல்லை அடைக்கும் தங்கத்தில் கம்யூனிஸ்டுகள் விஷம் கலந்துவிட்டதாக 1982இல் மருத்துவர்களிடம் சொன்னார். இன்னொரு முறை, தன் கிளினிக்குக்கு வெளியே ஒரு சிறுத்தை பஸ் ஏறுகிறது என்று போலீசைக் கூப்பிட்டார். பிறகு அவர் மீது காப்பீட்டு மோசடி வழக்கு வந்தது. மருந்தை மறுத்தார். வழக்கு நகராமல் வருடக்கணக்கில் காவலிலேயே கிடந்தார்.

2003 ஜூன் 16 அன்று உச்ச நீதிமன்றம் 4 நிபந்தனைகளை வைத்தது. இவற்றை நீதிபதிதான் எடைபோட வேண்டும், சிறைக் குழு போதாது:

1. அந்த வழக்கை நடத்துவதில் அரசுக்கு முக்கியமான அக்கறை இருக்க வேண்டும். குற்றம் கடுமையானதா என்பதோடு, இவர் ஏற்கனவே எவ்வளவு காலம் உள்ளே இருந்துவிட்டார் என்பதையும் பார்க்க வேண்டும்.
2. மருந்து கொடுத்தால் தெளிவு வர நல்ல வாய்ப்பு இருக்க வேண்டும். அதன் பக்கவிளைவு, அவர் தன் வழக்கறிஞரோடு சேர்ந்து வழக்கை நடத்துவதைக் கெடுக்கக் கூடாது.
3. இதைவிடக் குறைவான தலையீட்டில் வேறு வழி இருக்கக் கூடாது.
4. மருத்துவ ரீதியாக அது அவருக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனைக்குப் பின்னால் 1992ஆம் ஆண்டு ரிக்கின்ஸ் வழக்கு இருக்கிறது. நெவாடாவில் கொலை வழக்கில் சிக்கிய அவர், தினமும் 800 மில்லிகிராம் மெல்லரில் என்ற மருந்தோடு நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். குற்றம் நடந்தபோது எனக்குப் புத்தி பேதலித்திருந்தது என்பதுதான் அவருடைய வாதம். ஜூரிகள் கண்ணுக்குத் தெரிந்ததோ, மருந்தில் மந்தமாகி, எதற்கும் அசையாதவராகத் தோன்றியிருக்கக்கூடிய மனிதர். போதிய காரணம் காட்டாமல் மருந்து கொடுத்தே விசாரித்ததால் அவருடைய தண்டனை ரத்தானது.

செல் தீர்ப்பில் இன்னொரு வரி இருக்கிறது. இந்த 4 நிபந்தனைக்குப் போவதற்கு முன்னால், ஆபத்து என்ற காரணத்தில் மருந்து கொடுக்க முடியுமா என்று நீதிமன்றங்கள் பார்க்கட்டும் என்றது. லாஃப்னர் வழக்கின் குழப்பம் முழுவதும் இந்த இடத்தில்தான் முளைத்தது.

இரண்டு கதவு, ஒரே ஊசி

லாஃப்னர் காவலில் இருந்தபோது தன்னைப் பரிசோதித்த உளவியலாளரை நோக்கி பிளாஸ்டிக் நாற்காலியை எறிந்தார். தன் வழக்கறிஞர் மீதே துப்பினார். இவரால் ஆபத்து என்று சிறை தன் விசாரணையை நடத்தி, ஹார்ப்பர் வழியில் மருந்தைத் தொடங்கியது. அதற்கு நீதிபதி தேவையில்லை.

வழக்கறிஞர்கள் கொதித்தார்கள். இவர் இன்னும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி, உண்மையான நோக்கம் இவரை விசாரணைக்குத் தயார் செய்வது, ஆகவே செல் நிபந்தனைகளின்படி நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜூலையில் மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. மருந்து நின்ற பிறகு அவர் நிலை மோசமானது. தூக்கமே இல்லை. காலில் புண் வருகிற வரை வட்டமாக நடந்துகொண்டே இருந்தார். தற்கொலை செய்துகொள்வார் என்று பயந்து, அவசர நிலை என்ற காரணத்தில் சிறை மறுபடி மருந்தைத் தொடங்கியது. தடை உத்தரவு இருக்கும்போதே மருந்து எப்படிக் கொடுக்க முடிந்தது என்றால் இதனால்தான். அவசரம் என்பது தனிக் கதவு.

2012 மார்ச்சில் 2க்கு 1 என்று தீர்ப்பானது. ஆபத்து என்பது உண்மையான காரணமாக இருந்தால் விசாரணைக் கைதிக்கும் ஹார்ப்பர் வழி போதும் என்றது பெரும்பான்மை. நவம்பரில் அவருக்கு 7 ஆயுள் தண்டனையும் மேலும் 140 வருடமும் விதிக்கப்பட்டன.

காலில் புண்ணோடு சுற்றிச் சுற்றி நடக்கும் ஒருவரைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டு, சட்டம் தெளிவாகட்டும் என்று காத்திருப்பதும் கொடுமைதான். இதை மறந்துவிட்டு உரிமை பேச முடியாது. ஆனால் எளிதான கதவு ஒன்று திறந்திருக்கும்போது கடினமான கதவை யார் தட்டுவார்கள்? விசாரணைக்காக என்று சொன்னால் நீதிபதி, 4 நிபந்தனை, வழக்கறிஞர். ஆபத்து என்று சொன்னால் ஒரு நாள் அவகாசமும் சிறைக்குள் ஒரு விசாரணையும். இரண்டிலும் போடுவது அதே ஊசி. இரண்டிலும் கைதி விசாரணைக்குத் தயாராகிவிடுவார்.

தூக்குக்குத் தயார் செய்வதா?

இந்தத் தர்க்கத்தின் கடைசிப் படி மரண தண்டனை. தனக்கு ஏன் தண்டனை என்று புரியாத அளவுக்குப் புத்தி பேதலித்த ஒருவரைக் கொல்லக் கூடாது என்று 1986இல் ஃபோர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருந்து கொடுத்துத் தெளியவைத்தால்?

லூசியானா மாநில உச்ச நீதிமன்றம் 1992இல் பெரி என்பவரின் வழக்கில் கூடாது என்றது. கொல்வதற்காகக் குணப்படுத்துவதை மருத்துவம் என்று அது ஏற்கவில்லை. ஆர்கன்ஸாவில் வேறு முடிவு. அங்கே சார்லஸ் சிங்கிள்டன் என்பவர் 1979இல் ஒரு மளிகைக் கடைக்காரப் பெண்மணியைக் கொன்ற வழக்கில் தண்டிக்கப்பட்டவர். 1997 முதல் அவருக்கு ஆபத்து என்ற காரணத்தில், அதாவது ஹார்ப்பர் வழியில், மருந்து கொடுக்கப்பட்டது. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 6க்கு 5 என்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில், மருந்தால் வந்த தெளிவிலும் தண்டனையை நிறைவேற்றலாம் என்றது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. 2004 ஜனவரி 6 அன்று அவர் கொல்லப்பட்டார்.

இங்கே சிக்கிக்கொள்வது மருத்துவர். மரண தண்டனைக்குத் தகுதியாக்கும் நோக்கத்தில் சிகிச்சை தரக் கூடாது, தண்டனை குறைக்கப்பட்ட பிறகு தரலாம், தாங்க முடியாத வேதனையைத் தணிக்க மட்டும் எப்போதும் தரலாம் என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறிமுறை சொல்கிறது. சிங்கிள்டனுக்குக் கொடுத்த மருந்து இதில் எந்த வகை? கொடுத்த நாளில் அது சிகிச்சை. கடைசி நாளில் அது வேறொன்றாகிவிட்டது.

வேறு மாதிரியும் செய்ய முடிகிறது

நீதிபதியைக் கொண்டுவந்தால் சிறை நடக்காது என்ற வாதத்துக்குக் கலிபோர்னியாவே பதில். 1986இல் கீஹியா என்ற வழக்கில், கைதிகளுக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் ஒரே பாதுகாப்பு வேண்டும் என்று அங்கே தீர்ப்பானது. இன்று அந்த மாநிலச் சிறைகளில் கட்டாய மருந்துக்கு ஒரு நிர்வாகச் சட்ட நீதிபதி முன் விசாரணை நடக்கிறது. கைதிக்கு வழக்கறிஞர் உண்டு. உத்தரவு ஒரு வருடம்தான் செல்லும். அவசரம் என்றால் உடனே கொடுக்கலாம், ஆனால் 72 மணி நேரத்தைத் தாண்டித் தொடர வேண்டுமென்றால் முறைப்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

இங்கிலாந்தின் அணுகுமுறை இடத்தைப் பார்க்கிறது. அங்கே 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கண்ணில் சிறை மருத்துவமனை அல்ல. ஆகவே அந்தச் சட்டத்தின் கீழ் சிறைக்குள் கட்டாயச் சிகிச்சை தர முடியாது. தேவைப்பட்டால் கைதியை மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும். ஊசி போடுபவரும் கதவைப் பூட்டுபவரும் ஒரே நிர்வாகத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. ஆனால் மருத்துவமனையில் படுக்கை காலியாகும் வரை நோயோடு சிறையிலேயே காத்துக் கிடப்பவர்களும் உண்டு. ஐ.நா.வின் மண்டேலா விதிகளும் 2015இல் இதையே சொன்னது: சிறையால் நோய் முற்றும் நிலையில் இருக்கும் கடும் மனநோயாளிகளைச் சிறையில் வைக்காமல் மனநல மையத்துக்கு மாற்ற வேண்டும்.

இந்தியச் சட்டம் எங்கே நிற்கிறது?

2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, ஹார்ப்பர் தீர்ப்பிலிருந்து அடிப்படையிலேயே வேறு. நோயாளி தன் சிகிச்சையைப் பற்றிச் சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, விளைவை எடைபோட முடிகிறதா, முடிவைச் சொல்ல முடிகிறதா என்று முதலில் கேட்கிறது. முடியாதபோது அவர் முன்பே எழுதிவைத்த விருப்பத்தையும், அவருடைய நியமனப் பிரதிநிதியையும், அதாவது அவர் சார்பில் பேசும் ஆளையும், கேட்க வேண்டும். யாருமே இல்லாவிட்டால் மனநல மறுஆய்வு வாரியம், சமூக நலத்துறை இயக்குநரையோ அவர் அனுப்பும் ஒருவரையோ அந்த இடத்தில் நியமிக்கும். உயிருக்கோ மற்றவர்களுக்கோ உடனடி ஆபத்து என்றால் 94ஆம் பிரிவின்படி மருத்துவர் சிகிச்சை தரலாம். பொதுவாக அதற்கு 72 மணி நேரம்தான் வரம்பு. பிரதிநிதி அருகில் இருந்தால் அவர் சம்மதமும் வேண்டும்.

மரண தண்டனை விஷயத்தில் நம் உச்ச நீதிமன்றம் 2014இல் சத்ருகன் சௌகான் வழக்கில், மனநோய் தண்டனையைக் குறைக்க ஒரு காரணம் என்றது. மருந்து கொடுத்துத் தெளியவைத்துத் தூக்கிலிடலாமா என்ற கேள்வி இங்கே பெரும்பாலும் அதோடு அடைபடுகிறது.

கைதிகளுக்கென்று 103ஆம் பிரிவு இருக்கிறது. சிறையின் மருத்துவப் பிரிவில் உள்ள மனநல வார்டுக்கு மாற்றலாம், அது இல்லையென்றால் வாரியத்தின் அனுமதியோடு வெளி மருத்துவமனைக்கு மாற்றலாம், ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையிலாவது மனநல மையம் வேண்டும் என்கிறது. கைதியை எங்கே வைப்பது என்று விரிவாகச் சொல்லும் அந்தப் பிரிவு, அவர் மருந்தை மறுத்தால் யார் கூடி, எத்தனை நாளுக்குள், யாரிடம் கேட்டு முடிவெடுப்பது என்று தனியாகச் சொல்லவில்லை. பொது விதிகளை எடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பொது விதிகளோ, பக்கத்தில் ஒரு பிரதிநிதி இருப்பார் என்று நம்பி எழுதப்பட்டவை. மாதம் ஒருமுறை மனு போட்டுப் பார்க்கக்கூட ஆள் வராத கைதிக்கு அந்தப் பிரதிநிதியைத் தேட வேண்டியது யார் வேலை? அதே சிறை நிர்வாகத்தின் வேலையாகத்தான் அது போய் முடியும்.

அதே 103ஆம் பிரிவில் ஒரு வாசகம் இருக்கிறது. சிறை மருத்துவ அதிகாரி 3 மாதத்துக்கு ஒருமுறை வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் எத்தனை கைதிகளுக்கு மனநோய் இருக்கிறது, எத்தனை பேர் மருந்தை மறுத்தார்கள், எத்தனை பேருக்குக் கட்டாயமாகக் கொடுத்தோம் என்று எழுதும்படி சட்டம் கேட்கவில்லை. அது கேட்பது ஒரு சான்று: இந்தச் சிறையில் மனநோயுள்ள கைதி யாரும் இல்லை.